குகனும் பரதனும்

(இராமநவமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இராமகாதையில் நட்பின் பெருமையைப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். நட்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் நெஞ்சில் யார் தோன்றுவார்கள் என்பதை நான் அறிவேன். கங்கைக் கரையில் தேனும் மீனும் ஏந்தி நின்ற குகனும், அவற்றை அன்போடு ஏற்றுக்கொண்ட இராமபிரானும் தோன்றுவார்கள். திருமங்கையாழ்வாரும் தம் பெரிய திருமொழியில் திருவரங்கத்து எம்பெருமானிடம் அடைக்கலம் புகும் பதிகம் ஒன்றை அந்த நட்பை நினைந்தே தொடங்குகிறார். எத்தனையோ பெரியோர்கள் எத்தனையோ மேடைகளில் அதனை விரித்துரைத்துவிட்டார்கள். ஆகவே இன்று அதனைத் தொட்டுச் செல்வதோடு நிறுத்திக்கொண்டு, அதன் நிழலில் நிற்கும் மற்றொரு நட்பை எடுத்துக்கொள்ள விழைகிறேன். அது குகனுக்கும் பரதனுக்கும் இடையே மலர்ந்த நட்பு.

இராமனைக் கண்ட அந்தக் கணமே குகன் தன் உள்ளத்தைக் கொடுத்துவிட்டான். அங்கே ஐயத்திற்கு இடமே இல்லை. கண்டவுடன் அன்பு செய்வது பெரும்பேறு. ஆயினும் அது அருமையான செயல் என்று சொல்ல முடியாது, எதிரே நின்றவன் இராமன் அல்லவா! பரதன் செய்தி அவ்வாறன்று. பரதனைக் குகன் முதன்முதலில் பார்த்தபோது அவன் கையில் வில் இருந்தது; உள்ளத்தில் கொலைச் சினம் இருந்தது. அந்த இடத்திலிருந்து புறப்பட்டு, ஒரே ஓடத்தில் இருவரும் அமர்ந்து கங்கையைக் கடக்கும் இடத்திற்கு வந்து சேர்ந்தார்கள். இதனைக் கம்பநாட்டாழ்வார் கங்கை காண் படலத்தில் பாடியிருக்கிறார்.

முதலில் இவ்விருவரும் யார் யார் என்று பார்ப்போம். பரதன் சூரிய குலத்து அரசகுமாரன். வசிட்ட முனிவரிடம் கல்வி கற்றவன். கேகய நாட்டில் பாட்டனார் அரண்மனையில் இருந்தவனை அழைத்துவந்து, தந்தை இறந்துவிட்டார், அண்ணன் கானகம் சென்றுவிட்டார், அரசு உனக்கு என்று மூன்று இடிகளை ஒரே நாளில் தலைமேல் இறக்கினார்கள். குகனோ சிருங்கிபேரம் என்னும் கங்கைக் கரை ஊரின் வேடர் தலைவன். ஆயிரம் ஓடங்களுக்கு உரியவன். காலில் தோற்செருப்பு, இடையில் உடைவாள், உடன்வரும் வேட்டை நாய்கள், முழங்கும் துடிப்பறை என்று அவனை நம் கண்முன் நிறுத்துகிறார் கம்பர். இருள் திரண்டாற் போன்ற நிறம். பேச்சிலும் நயம் கிடையாது. நெஞ்சில் உள்ளது வாயில் வரும். ஒருவன் பேரரசின் உள்ளே பிறந்து அதனை வேண்டாம் என்பவன். மற்றவன் அந்த அரண்மனையின் வாயிலைக் கூடக் கண்டிராதவன். இவர்கள் சந்திப்பதற்கே உலக வழக்கில் நியாயமில்லை.

ஆயினும் இருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே இராமனால் விட்டுச் செல்லப்பட்டவர்கள். நானும் உடன் வருவேன், வழிகாட்டுவேன், காயும் கனியும் தேனும் தேடித் தருவேன், என் சுற்றத்தோடு காவல் இருப்பேன் என்று குகன் மன்றாடினான். இராமனோ, நீ இங்கிருந்து உன் சுற்றத்தைக் காப்பாயாக, அதுவும் என் சுற்றமே என்று சொல்லி அவனை நிறுத்திவிட்டான். முன்பு உடன்பிறந்தார் நால்வராய் இருந்தோம், இப்போது ஐவரானோம் என்று கூறித் தேற்றவும் செய்தான். அந்தச் சொல்லை மட்டும் துணையாகக் கொண்டு, இராமன் போன திசையைப் பார்த்துக்கொண்டு குகன் கரையில் நிற்கிறான். பரதனுக்கோ விடைபெறும் பேறு கூடக் கிட்டவில்லை.

இனிக் கங்கைக் கரைக்கு வருவோம். அண்ணனை அழைத்துவந்து முடிசூட்டப் பரதன் புறப்பட்டுவிட்டான். தாயர் மூவரும், வசிட்டரும், அமைச்சர் சுமந்திரனும், நகர மக்களும், நால்வகைச் சேனையும் உடன் வருகின்றனர். அரசனை அழைக்கப் போகிறவன் அரசனுக்குரிய படையோடு போவதுதானே முறை? ஆனால் தொலைவில் நின்று பார்ப்பவனுக்குத் தெரிவது என்ன? வானத்தை மறைக்கும் புழுதி தெரிகிறது. யானையும் தேரும் தெரிகின்றன. அரசைப் பறித்துக்கொண்டது போதாதென்று, காட்டில் இருப்பவனையும் தொலைத்துவிடப் படையெடுத்து வருகிறான் தம்பி. இப்படித்தான் குகன் நினைத்தான். அவன் நினைத்ததில் நாம் குறை காண முடியுமா? பாகப்பிரிவினையில் ஒரு முழ நிலத்திற்காக அண்ணன் தம்பியர் நீதிமன்றப் படியேறுவதைக் கண்ட நாம், கோசல நாடு முழுவதும் கைக்கு வந்த ஒருவன் படையோடு வருவதைப் பார்த்தால் வேறு என்ன நினைத்திருப்போம்?

இங்கே கம்பர் செய்திருக்கும் ஒரு மாற்றத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வான்மீகி முனிவரின் நூலிலும் குகனுக்கு இந்த ஐயம் எழுகிறது. 500 ஓடங்களை ஆயத்தம் செய்து, ஓடம் ஒன்றுக்கு நூறு நூறு இளைஞர்களைப் போர்க்கோலத்தில் நிறுத்திவிட்டு, தேனும் மீனும் ஊனும் காணிக்கையாக எடுத்துக்கொண்டு குகன் பரதனிடம் நேரே செல்கிறான். இராமனுக்குத் தீங்கு எண்ணி வரவில்லையே என்று வெளிப்படையாகக் கேட்டும் விடுகிறான். பரதன் மறுமொழி கூறியபின் ஐயம் நீங்குகிறது. கம்பரோ இருவருக்கும் இடையே கங்கையாற்றையே கிடத்திவிட்டார். பரதன் வடகரையில் நிற்கிறான். குகன் தென்கரையில் நிற்கிறான். நடுவே அகன்ற நீர்ப்பரப்பு. கேட்டுத் தெளிய வழியில்லை. கண்ணால் கண்டு தெளிந்தால்தான் உண்டு.

தென்கரையில் குகன் பேசும் வீரவுரை கம்பராமாயணத்தில் புகழ்பெற்ற பகுதி. துறைகளை அடையுங்கள், ஓடங்களை விடாதீர்கள் என்று ஆணையிடுகிறான். ஆழமான இந்த ஆற்றை இவர்கள் கடந்து போய்விடுவார்களா என்று உறுமுகிறான். யானைப் படையைக் கண்டு அஞ்சிப் புறங்காட்டும் வில்லாளியா நான் என்று கேட்கிறான். அவன் நெஞ்சில் தைத்துக்கொண்டு நிற்பது ஒரே ஒரு சொல். தோழன் என்று இராமன் அவனை அழைத்தான். அப்படி அழைத்த சொல் ஒரு சொல் அல்லவா? அந்தச் சொல்லைப் பெற்றுக்கொண்டவன், தோழனுக்குத் தீங்கு வரும்போது உயிரோடு இருந்தால், ஏழை வேடன் சாகாமல் பிழைத்துக் கிடக்கிறானே என்று உலகம் ஏசாதா? வெல்வோமா தோற்போமா என்ற கணக்கே அவனிடம் இல்லை. அயோத்தியின் சேனையோடு மோதினால் தன் வேடர் கூட்டம் என்னவாகும் என்பதை அறியாதவனா குகன்? அறிந்துதான் பேசுகிறான். ஆகவே அன்று கங்கைக் கரையில் விளைய இருந்தது சிறு சலசலப்பு அன்று. இராமனுக்காக உயிர் கொடுக்கத் துணிந்த ஒருவனும், இராமனுக்காக அரசையே துறந்த ஒருவனும், ஒருவரை ஒருவர் அறியாமல் மோதி மடிந்திருப்பார்கள்.

வடகரையில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. ஆற்றின் மறுகரையில் ஒருவன் நிற்பதைக் காட்டிச் சுமந்திரன் பரதனிடம் சொல்கிறான்: கங்கையின் இரு கரைக்கும் உரியவன், எண்ணிறந்த ஓடங்களை உடையவன், உன் குலநாயகனாகிய இராமனுக்கு உயிர்த்துணைவன், குகன் என்பது பெயர், உன்னைக் காணும் ஆவலோடு வழியில் எதிர்நிற்கிறான் என்கிறான். எதிர்நிற்கிறான் என்பது உண்மைதான்! எந்த ஆவலோடு என்பதைத்தான் சுமந்திரன் அறியவில்லை. அல்லது அறிந்தும் நல்லதையே சொன்னானோ, தெரியாது. பல்லாண்டு தயரதனுக்கு அமைச்சனாய் இருந்தவன். எந்த நேரத்தில் எந்தச் சொல்லைச் சொன்னால் இரு பக்கமும் பிழைக்கும் என்பது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அண்ணனின் தோழன் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அப்படியானால் அவனை நானே முன்னே சென்று காண்பேன் என்று பரதன் எழுந்துவிட்டான். அரசகுமாரன் ஒரு வேடனைக் காண எழுகிறான். அவனை இங்கே அழைத்துவாருங்கள் என்று அவன் சொல்லவில்லை. தம்பி சத்துருக்கனன் உடன்வர, கங்கையின் கரையோரம் வந்து நின்றான்.

தென்கரையிலிருந்து குகன் பார்த்தான். அவன் பார்த்ததைக் கம்பர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். அரையில் பட்டாடையில்லை, மரவுரி இருக்கிறது. மேனி முழுவதும் புழுதி படிந்திருக்கிறது. ஒளியிழந்த திங்களைப் போன்ற முகம். அதில் புன்னகையின் சுவடே இல்லை. கல்லும் கரையும் துயரத்தோடு ஒருவன் நிற்கிறான். குகனின் கையிலிருந்து வில் தானே நழுவிக் கீழே விழுந்தது. விம்மிப்போய் நின்றுவிட்டான். இவன் என் நாயகனைப் போலவே இருக்கிறான், அருகே நிற்பவன் இளையவனைப் போல இருக்கிறான், தவவேடம் பூண்டிருக்கிறான், துன்பத்திற்கு ஓர் எல்லையில்லை, இராமன் சென்ற திசை நோக்கித் தொழுகிறான், எம்பெருமானுக்குப் பின் பிறந்தவர்கள் பிழை செய்வார்களா? இவ்வளவும் ஒரு பார்வையில் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பரதனை ஐயுற்றவன் குகன் ஒருவனே அல்லன். பெற்ற தாயினும் மேலாகப் பரதன் போற்றிய கோசலையே முதலில் ஐயுற்றாள். அவன் சூளுரைகள் பல உரைத்த பின்னரே அவனைத் தழுவிக்கொண்டாள். சித்திரகூடத்தில் இலக்குவன் படையின் ஆரவாரத்தைக் கேட்டவுடன் பரதனைக் கொல்வேன் என்றே கொதித்தான். அவனை அடக்க இராமனே பேச வேண்டியிருந்தது. இவர்கள் எல்லாம் இருக்கட்டும். கங்கையைக் கடந்தபின் பரதன் பரத்துவாச முனிவரின் தவச்சாலைக்குச் செல்கிறான். முக்காலமும் உணர்ந்த முனிவர் அவர். குகன் கண்ட அதே மரவுரியை, அதே புழுதியை, அதே சடையை அவரும் காண்கிறார். கண்டபின்னும், கிடைத்த அரசை ஆளாமல் இந்தக் கோலத்தில் ஏன் வந்தாய் என்று கேட்கிறார். கேள்வி பரதனைச் சுடுகிறது. முனிவர் சோதித்துப் பார்க்கக் கேட்டார் என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. அப்படியே கொள்வோம். ஆயினும் சூளுரை கேளாமல், பிறர் எடுத்துச் சொல்லாமல், கேள்வியும் கேளாமல், பார்த்த மாத்திரத்தில் பரதனைப் புரிந்துகொண்டவன் அந்த எழுத்தறியாத வேடன் ஒருவனே. ஆற்றின் நடுவே சுழியிருக்கிறதா என்பதை மேல்நீரைப் பார்த்தே சொல்லக்கூடிய ஓடக்காரன் அல்லவா அவன்!

அதற்காக அவன் அறிவை இழந்து ஓடிவிடவும் இல்லை. ஏதோ ஒரு துயரம் இருக்கிறது, நான் சென்று அறிந்து வருகிறேன், அதுவரை நீங்கள் வழியைக் காத்து நில்லுங்கள் என்று தன் படையினரிடம் சொல்லிவிட்டு, ஓர் ஓடத்தில் தான் மட்டும் ஏறி வடகரைக்கு வருகிறான். தன் கண்ணை நம்பித் தன் உயிரைப் பணயம் வைத்தான். ஆனால் தோழனின் பாதுகாப்பைப் பணயம் வைக்கவில்லை. படை அங்கேயே நின்றது. இந்த நிதானத்தை நான் மிகவும் வியக்கிறேன்.

கரையில் இருவரும் எதிர்ப்பட்டனர். ஒருவர் தொழுதார், ஒருவர் வணங்கினார், ஒருவர் அடியில் வீழ்ந்தார். யார் அடியில் யார் வீழ்ந்தார்? கம்பரின் செய்யுள் அவன், அவன் என்றே சொல்லிச் செல்கிறது. பரதனின் அடியில் குகன் வீழ்ந்தான் என்றும் கொள்ளலாம். குகனின் அடியில் பரதன் வீழ்ந்தான் என்றும் கொள்ளலாம். உலக வழக்கை நினைப்பவர்களுக்கு முதலாவது பொருள் தோன்றும். இராமனால் உடன்பிறந்தான் என்று ஏற்கப்பட்ட மூத்தவன் குகன் என்பதை நினைப்பவர்களுக்கு இரண்டாவது பொருள் தோன்றும். எனக்கு இரண்டாவதே உவப்பானது. அதை அடுத்து, தந்தையினும் மேலான மகிழ்ச்சியோடு தழுவிக்கொண்டதாகக் கம்பர் சொல்வதும் அதற்கே பொருந்துகிறது; அடியில் விழுந்த இளையவனை மூத்தவன் தானே தந்தை போல எடுத்துத் தழுவுவான்?

வந்த காரியம் என்ன என்று குகன் கேட்டான். எந்தை குலமுறையினின்று வழுவினான், அதனைச் செம்மை செய்ய மன்னனை அழைத்துச் செல்ல வந்தேன் என்றான் பரதன். இராமன் என்று சொல்லவில்லை, மன்னன் என்றான். பெருமூச்செறிந்து குகன் மீண்டும் நிலத்தில் வீழ்ந்து அவன் கால்களைப் பற்றிக்கொண்டான். தாய் பெற்ற வரத்தால் தந்தை கொடுத்த அரசைத் தீவினை என்று தள்ளிவிட்டு வந்தவனே, உன் புகழை ஆராய்ந்தால் ஆயிரம் இராமர் சேர்ந்தாலும் உனக்கு ஒப்பாவார்களோ என்று வியந்துரைத்தான். இதைச் சொன்னவன் யார் என்பதை மறந்துவிடாதீர்கள். இராமனைப் பார்த்த கண்ணை எடுக்க மாட்டாமல் நின்றவன். இராமனைப் பிரிந்து எப்படி உயிர் வாழ்வேன் என்று கலங்கியவன். சற்றுமுன் பரதனைக் கொல்ல வில்லெடுத்தவன். ஒரு நாழிகைக்குள் அவனால் இவ்வளவு தொலைவு வர முடிந்தது. நம்மில் பலருக்குத் தவறாக எண்ணிவிட்டோம் என்று தெரிந்தபின்னும், எதிரே நிற்பவரை அளந்து அளந்துதான் பாராட்டத் தெரியும். குகனுக்கு அளக்கத் தெரியவில்லை.

அடுத்து வருவது இந்த நட்பின் மிக நுட்பமான பகுதி. பரதன் குகனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அண்ணன் எங்கே தங்கினான்? குகனிடம் பொன்னில்லை, மணியில்லை. பரதனுக்கு அவை தேவையுமில்லை. பரதனுக்குத் தேவையான ஒரு பொருள் குகனிடம் இருந்தது. இராமன் கழித்த அந்த இரவைக் கண்ணால் கண்ட நினைவுதான் அந்தப் பொருள்! குகன் அவனை அழைத்துச் சென்று, கல்லிடையே புல்லைப் பரப்பிய படுக்கையைக் காட்டினான். பார்த்த பரதன் மண்ணில் விழுந்து புரண்டான். வான்மீகி முனிவர் இந்தக் காட்சியில் ஒரு செய்தி சொல்கிறார். ஒரு முறை படித்தவர் மறக்க மாட்டார்கள். அந்தப் புல்லில் ஆங்காங்கே பொற்றுகள்கள் ஒட்டியிருக்கின்றன. சீதை அணிகலன்களோடு உறங்கியிருக்கிறாள் என்று பரதன் உணர்கிறான். மேலாடையின் பட்டிழைகள் சில புல்லில் சிக்கி மின்னுகின்றன. அரண்மனை வாழ்க்கையில் எஞ்சியது அந்த இழைகள் மட்டுமே என்று நமக்குத் தோன்றுகிறது.

இலக்குவன் எங்கே உறங்கினான் என்று பரதன் கேட்டான். அவன் உறங்கவே இல்லை என்றான் குகன். அண்ணனும் அண்ணியும் துயில, வில்லை ஊன்றிய கையோடு, கண்ணீர் வழியும் கண்களை இமையாமல், விடியும் வரை நின்றான் என்று சொன்னான். விடியும் வரை அவன் இமைக்கவில்லை என்பது குகனுக்கு எப்படித் தெரியும்? அவனும் விடியும் வரை விழித்திருந்தான் என்பதுதானே பொருள்! அதைக் குகன் சொல்லவில்லை. பரதனுக்கு அது புரியாமல் இருந்திருக்காது. அண்ணனுக்குப் பின் பிறந்தவர்களில் நான் துன்பத்திற்குக் காரணமானேன், அவன் துன்பத்தைத் துடைப்பவனானான் என்று பரதன் நொந்துகொண்டான். அன்றிரவு பஞ்சணை வேண்டாமல் புழுதியிலேயே கிடந்தான்.

பொழுது விடிந்தது. கங்கையைக் கடத்திவிடு என்று பரதன் கேட்க, குகன் ஆணையிட, முதல்நாள் துறைகளை அடைத்து நின்ற அதே ஓடங்கள் வடகரைக்கு வந்து குவிந்தன. சேனை கடந்த விதத்தை வான்மீகி விரிவாகவே சொல்கிறார். சுவத்திகம் என்ற பெயர் பூண்ட மணிகள் ஒலிக்கும் ஓடங்கள் உயர்ந்தோருக்கு. மற்றவர்களில் சிலர் தெப்பங்களில் ஏறினர்; சிலர் குடங்களைப் பற்றி மிதந்தனர்; சிலர் கைகளால் நீந்தியே சென்றனர். கம்பரின் பார்வையோ ஒரே ஓர் ஓடத்தின் மேல் நிற்கிறது. பரதனும் தம்பியும் தாயரும் ஏறிய ஓடம் அது. குகன் அதில் இருக்கிறான்.

ஓடம் நடு ஆற்றில் செல்கிறது. கோசலையைக் கண்ட குகன், இவர் யார் என்று பரதனைக் கேட்கிறான். இராமனைப் பெற்றெடுத்தவள், நான் பிறந்ததால் பெருஞ்செல்வத்தை இழந்தவள் என்கிறான் பரதன். குகன் அவள் அடியில் விழுந்து அழுகிறான். இவன் யார் மகனே என்று அந்தத் தாய் கேட்கிறாள். பரதன் சொன்ன விடையைக் கேளுங்கள். இராகவனுக்கு இனிய துணைவன். இலக்குவனுக்கும் இளையவனுக்கும் எனக்கும் மூத்தவன். குகன் என்பது இவன் பெயர் என்றான். வேடர் தலைவன் என்று சொல்லவில்லை. ஓடங்களுக்கு உரியவன் என்றும் சொல்லவில்லை. அயோத்தியின் அரசகுமாரன், ஈன்ற தாயரின் முன்னிலையில், ஒரு வேடனைத் தன் அண்ணன் என்று அறிமுகம் செய்தான். இராமன் ஐவரானோம் என்று சொன்னபோது பரதன் அங்கே இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கில் தன் இடம் எது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கோசலையும் மறுசொல் பேசவில்லை. வருந்தாதீர்கள் மக்களே, இராமலக்குவர் நாடிழந்து காடு சென்றதும் நன்மையாகவே முடிந்தது, இவனோடு கூடி நீங்கள் ஐவரும் ஒன்றாய் நெடுங்காலம் உலகை ஆளுங்கள் என்று வாழ்த்தினாள். முதல்நாள் வரை பரதன் என்ற பெயரைக் கேட்டால் பல்லைக் கடித்தவன், மறுநாள் அவனோடு உடன்பிறந்தவனாகத் தாயின் வாழ்த்தைப் பெற்றான்.

சுமித்திரையையும் இவ்வாறே கேட்டறிந்து வணங்கினான். அடுத்து அந்த ஓடத்தில் எஞ்சியிருந்தவள் ஒருத்தி. இவர் யார் என்று குகன் கேட்டான்.

பரதனின் நாவிலிருந்து நெருப்பு வந்தது. துன்பங்களையெல்லாம் ஈன்றவள், பழியை வளர்த்த செவிலி, இவளுடைய பாழ்வயிற்றில் நெடுங்காலம் கிடந்த பாவி நான், உலகமே உயிரற்ற உடல்போல் வாடியிருக்க வாட்டமில்லாத முகத்தோடு இருக்கிறாளே, இவளை உனக்குத் தெரியவில்லையா, இவள்தான் என்னைப் பெற்றவள் என்றான். பரதனின் சினம் அறத்தின் பாற்பட்டதே. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குகன் நிலையை எண்ணிப் பாருங்கள். இராமன் புல்லில் படுத்ததைக் கண்ணால் கண்டவன் அவன். அதற்குக் காரணமானவள் கைக்கெட்டும் தொலைவில், அவனுடைய ஓடத்தில், அவனுடைய ஆற்றின் நடுவே இருக்கிறாள். பெற்ற மகனே வைகிறான். குகன் என்ன செய்தான்? தன் கைகளைக் கூப்பி, தாய் என்று அவளையும் வணங்கினான்.

கம்பர் இதற்கு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஓடம் சிறகில்லாத அன்னம்போல் கரை சேர்ந்தது என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இராமன் கைகேயியை ஒருநாளும் பழித்ததில்லை. அதனை அவன் தோழன் அறிந்து நடந்தான் என்று ஒருவாறு சொல்லலாம். எனக்கு மற்றொன்றும் தோன்றுகிறது. சற்றுமுன்தான் பரதன் குகனை அண்ணன் என்றான். அண்ணனானவனுக்குத் தம்பியைப் பெற்றவள் தாயல்லாமல் வேறு யார்? தம்பி சினத்தில் பேசுகிறான். அந்தச் சினத்தில் தானும் சேர்ந்துகொள்வது மூத்தவனுக்கு அழகன்று. துன்பத்தில் இருக்கும் நண்பன் தன் வீட்டாரை நம்மிடம் ஏசும்போது, நாமும் கூடச் சேர்ந்து இரண்டு சொல் ஏசினால்தான் நட்பு என்று உலகம் நினைக்கிறது. குகன் ஏசவில்லை. பரதனுக்கு அறிவுரையும் சொல்லவில்லை. கும்பிட்டான், அவ்வளவே. பரதனால் அன்று செய்ய இயலாத ஒன்றை, பரதனுக்காகக் குகன் செய்தான்.

பின்னர் நடந்தவற்றை விரிக்க நேரமில்லை. வான்மீகியின் நூலில் குகன் சித்திரகூடம் வரை உடன் செல்கிறான். வில்லும் வாளும் ஏந்திய சுற்றத்தார் ஆயிரவரோடு காட்டில் இராமனைத் தேடுமாறு பரதன் அவனிடமே வேண்டுகிறான். படையோடு வந்து இராமனைக் கொல்வான் என்று யாரைக் குகன் அஞ்சினானோ, அவனே இப்போது படையைக் குகன் பின்னே அனுப்பி இராமனைத் தேடச் சொல்கிறான். இராமன் திரும்ப இசையவில்லை. பாதுகைகளை மட்டும் கொடுத்தனுப்பினான். பரதன் நந்திக்கிராமத்தில் தவமிருந்தான். குகன் தன் துறைக்குத் திரும்பினான். அதன்பின் 14 ஆண்டுகள் முடியும் வரை குகனைப் பற்றிக் காவியம் பேசுவதில்லை. ஓடங்கள் போயும் வந்தும் இருந்திருக்கும். நந்திக்கிராமத்திலிருந்து வருகிறவர்களிடம் அவன் என்னவெல்லாம் கேட்டறிந்திருப்பான்!

இதனை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. இலங்கைப் போர் முடிந்து இராமன் திரும்புகிறான். பரத்துவாசர் தவச்சாலையில் தங்கி, அனுமனை அயோத்திக்கு முன்னே அனுப்புகிறான். போகும் வழியில் சிருங்கிபேரத்தில் இறங்கு என்கிறான் இராமன். நான் நலமாய் இருப்பதைக் குகனிடம் சொல், அவன் எனக்கு உயிரனைய தோழன், கேட்டு மகிழ்வான் என்கிறான். அதோடு வான்மீகி இன்னொன்றும் சொல்ல வைக்கிறார். அயோத்திக்குப் போகும் வழியை உனக்குச் சொல்லக்கூடியவன் குகன். பரதன் எப்படி இருக்கிறான் என்பதையும் அவனே உனக்குச் சொல்வான்.